இரண்டு எண்களும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த செவிலியர் நான். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வும் எழுதித் தேறி, தென் ஜெர்மனியில் ஃப்ராய்டன்ஷ்டாட் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேரப் போகிறேன். ஏழு வாரங்களில் பயணம். முதலில் பணியாளர் விடுதியில்தான் தங்குவேன். கைபேசி விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்களை அனுப்பும் சென்னை முகவர், இறங்கியதுமே பேசலாம் என்று சொல்லி, ஏற்கெனவே இயக்கி வைத்த ஜெர்மன் சிம் ஒன்றை 3,500 ரூபாய்க்குத் தருகிறார். "ஊரை விட்டே போகிறாய், இந்த எண் எதற்கு, வீண் செலவு" என்கிறார் அப்பா. நான் இப்போது வைத்திருப்பது, துபாயில் இருக்கும் அண்ணன் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த சிம். எனக்கு முன்பே அங்கே போன தோழி, இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் ஒரு யூரோவுக்குப் புது ஐபோன் கிடைக்கும் என்கிறாள். போன வருடம் 14,000 ரூபாய்க்கு வாங்கிய என் ஆண்ட்ராய்டு கைபேசி அங்கே வேலை செய்யுமா? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு செய்தியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன்: உங்கள் சிம் உங்கள் பெயரில் இல்லை, அது யார் பெயரில் இருக்கிறதோ அவரும் ஊரில் இல்லை. முகவர் தரும் சிம், தோழி சொல்லும் ஐபோன் இவற்றையெல்லாம் விட அவசரமானது இதுதான். ஏனெனில் மற்றவற்றை ஜெர்மனி போன பிறகும் சரிசெய்துகொள்ளலாம், இதை ஊரில் இருக்கும்போது மட்டுமே செய்ய முடியும்.

அப்பா சொல்வதுபோல் அந்த எண்ணை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். துண்டிக்கப்பட்ட எண் என்றைக்கும் யாருக்கும் போகாமல் சும்மா கிடக்காது. குறைந்தது 90 நாட்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட பின் அது வேறொரு வாடிக்கையாளருக்கு வழங்கப்படலாம். அதற்குள் நீங்கள் ஒவ்வோர் இடத்திலும் எண்ணை மாற்றியிருக்காவிட்டால், உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைபேசிக்குப் போய் நிற்கும். வங்கியில் மட்டும் மாற்றினால் போதுமே என்று நினைக்கலாம். ஆனால் ஆதாரில் வெளிநாட்டு எண்ணைப் பதிய இயலாது. வருமான வரிப் படிவத்தை ஆதார் ஓடிபி கொண்டு உறுதிசெய்வது, திருச்சியில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளுக்கான பி.எஃப். பணத்தை இணையவழி எடுப்பது போன்றவை எல்லாம் ஆதாரோடு இணைந்த இந்திய எண்ணுக்கு வரும் ஆறு இலக்கங்களை நம்பியே நடக்கின்றன. ஆகவே அந்த எண்ணை நீங்கள் பேசுவதற்காக வைத்திருக்கப் போவதில்லை. உங்கள் அடையாளத்துக்கான சாவியாக வைத்திருக்கப் போகிறீர்கள். அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள், வீட்டுச் சாவியை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை.

அந்தச் சாவி இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது. சிம் தொலைந்தாலோ பழுதானாலோ மாற்று சிம் பெறும் உரிமை, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். அவரும் அடையாளச் சான்றோடு நேரில் போக வேண்டியிருக்கும். நீங்கள் ஃப்ராய்டன்ஷ்டாட் இருக்கும் கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப்பகுதியிலும் அவர் துபாயிலும் இருக்கும்போது கும்பகோணத்தில் எந்தக் கடைக்காரரும் உதவ முடியாது. எனவே எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு வழக்கமாக இருவருமே நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு (தெருமுனை ரீசார்ஜ் கடைக்கு அல்ல) ஆதாரோடு போகும்படி இருக்கும் என்பதால், அண்ணன் விடுப்பில் வரும் நாளைப் பொறுத்தே இந்த வேலையைத் திட்டமிட வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிம் மாற்றிய பின் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். 2024 ஜூலை முதல், மாற்று சிம் வாங்கிய ஏழு நாட்களுக்கு எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் இயலாது. மோசடிக்காரர்களைத் தடுக்க வந்த விதிகள் இவை; கடைசி நேரத்தில் ஓடுபவர்களையும் தடுத்துவிடும். மாற்றம் முடிந்ததும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, இந்த எண் அதில் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கும் செலவு. டேட்டாவும் சேர்ந்த மாதாந்தரத் திட்டத்தை அங்கிருந்து போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குக் குரலழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி திருத்தியது. இத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்சக் காலத்தையும் 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக நீட்டியது. அதன்பின் வந்த நீண்ட காலத் திட்டங்கள், அறிமுகமான 2025 தொடக்கத்தில் 2,000 ரூபாய்க்குள் இருந்தன. புறப்படும் வாரத்தில் அப்படியொன்றைப் போட்டுவிட்டு, அது முடியும் தேதியை அப்பாவின் நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள். இருபது ரூபாய் இருப்பு இருந்தால் எண் போகாது என்று யாராவது சொல்வார்கள். இருப்பு குறைந்தது 20 ரூபாய் இருந்தால் எண் துண்டிக்கப்படாது என்று ஒரு பழைய விதி உண்மையிலேயே உண்டு. ஆனால் திட்டக் காலம் முடிந்த எண்ணுக்கு ஓடிபி வந்து சேரும் என்று அந்த விதி உறுதியளிக்கவில்லை. எண் இருந்து ஓடிபி வராவிட்டால் உங்களுக்கு என்ன பயன்?

வெளிநாட்டு ரோமிங் வசதி நம் சிம்களில் இயல்பாக அணைந்தே இருக்கும். அதை நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ சொல்லி, இந்தியாவை விட்டுக் கிளம்புமுன் இயக்கிவிட வேண்டும்; ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் நின்றுகொண்டு இயக்க முயன்றால், அதை உறுதிசெய்யும் குறுஞ்செய்தியே உங்களுக்கு வந்து சேராது. ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ஆனால் உள்வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று போகும், டேட்டா அதைவிட வேகமாகப் பணத்தைத் தின்னும். ஆகவே இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். வீட்டாரிடம் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில நாட்களில் ஓடிபி வராமல் சண்டித்தனம் செய்யும். அப்போது அமைப்புகளுக்குள் போய், தானாக நெட்வொர்க் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் உள்ள வேறொரு ஜெர்மன் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். பத்தில் எட்டு முறை தேங்கி நின்ற செய்தி வந்துவிடுவதை நான் என் கைபேசியிலேயே பார்க்கிறேன்.

இந்திய எண்ணை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றிக்கொண்டு போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் சொல்வார். வேண்டாம் என்பதே என் கருத்து. கைபேசி உடைந்தால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி இன்னொன்றில் போட்டுவிடலாம். இ-சிம்மைப் புதிய கைபேசிக்கு மாற்றுவதற்கு நிறுவனம் நடத்தும் சரிபார்ப்புகள், பழைய கைபேசி வேலை செய்கிறது, நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில் அமைக்கப்பட்டவை. இந்திய எண் அட்டையாகவும் ஜெர்மன் எண் இ-சிம்மாகவும் இருப்பதே பாதுகாப்பான ஏற்பாடு. உங்கள் கைபேசியில் இ-சிம் வசதி இருக்கிறதா என்று அறிய *#06# அழுத்துங்கள். கைபேசியின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் பெரும்பாலும் உண்டு. 14,000 ரூபாய்க் கைபேசியில் அது இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் இரண்டு சிம் துளைகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், குறை ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பை இந்திய எண்ணிலேயே தொடருங்கள். ஒருமுறை சரிபார்த்துவிட்டால் சிம் எங்கிருந்தாலும் அது ஓடும் என்று முன்பு சொல்வோம். ஆனால் கணக்குக்குரிய சிம் அந்தக் கைபேசியிலேயே இருந்தால்தான் இத்தகைய செய்திச் செயலிகள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் அவற்றின் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இந்திய சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்காக வெளிநாடு சென்று குடியிருக்கத் தொடங்கியதும் உங்கள் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். அத்தகைய கணக்குகளில் வெளிநாட்டு எண்ணைக் கொண்டே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, அதில் சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகள் இருந்தன, ஜெர்மனி இல்லை. ஊருக்குப் பணம் செலுத்தும் வேலைகளுக்கு இந்திய எண்ணை நம்பியிருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

இனி கைபேசி. "வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு ஆமாம், ஆனால் எவ்வளவு நன்றாக என்பது அதன் அலைவரிசைகளைப் பொறுத்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 4ஜி சேவைக்கு ஊர்ப்புறங்களில் பெரிதும் கைகொடுப்பது பேண்ட் 20 எனப்படும் 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. குறைந்த அதிர்வெண் என்பதால் மலைக்கும் மரத்துக்கும் அப்பால் எட்டும், கட்டடச் சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். இந்திய நிறுவனங்கள் 4ஜிக்குப் பயன்படுத்துவது பேண்ட் 3, 5, 8, 40 போன்றவற்றை. இந்தியச் சந்தைக்கென்றே செய்யப்படும் விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் செலவைக் குறைக்க பேண்ட் 20-ஐ விட்டுவிடுகிறார்கள். கருங்காட்டுப் பள்ளத்தாக்கில் உங்கள் தோழியின் கைபேசியில் நான்கு கோடுகள் தெரியும்போது உங்களுடையதில் ஒன்றுகூட இல்லாமல் போனால், பழி நெட்வொர்க் மீது போகும். குற்றம் கைபேசியினுடையதாக இருக்கும். பெட்டியின் பின்புறமுள்ள மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் எல்டிஇ (4ஜி) அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள். 20 இருக்க வேண்டும், 28-உம் இருந்தால் மிக நன்று.

இன்னொன்று வோல்ட்டி. ஜெர்மனியில் 3ஜி 2021-ஆம் ஆண்டிலேயே அணைக்கப்பட்டுவிட்டது. 4ஜி வழியே குரலழைப்பு போகும் இந்த வோல்ட்டி வசதியை உங்கள் கைபேசிக்கு அந்த நிறுவனம் அனுமதிக்காவிட்டால், அழைப்பு வரும்போதெல்லாம் கைபேசி பழைய 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை இணையம் மெதுவாகும் அல்லது நின்றுவிடும். இந்தியாவில் வோல்ட்டி ஓடுகிறது என்பதால் அங்கேயும் ஓடும் என்று சொல்ல முடியாது. சிம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பேண்ட் 20 இல்லையென்றாலும் இந்தக் கைபேசியைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மாதம் இதையே ஓட்டிவிட்டு, முதல் இரண்டு சம்பளத்துக்குப் பிறகு அங்கே ஒன்று வாங்கிக்கொண்டு, இதை இந்திய சிம்முக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

முகவரின் சிம்முக்கு வருகிறேன். வாங்காதீர்கள். 2017 ஜூலை முதல் ஜெர்மனியில் ப்ரீபெய்டு சிம் எதையும், வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் இயக்கக் கூடாது என்பது சட்டம். சென்னையில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் ஏற்கெனவே இயக்கிய சிம் தரப்படுகிறது என்றால், அது வேறு யாரோ ஒருவரின் பெயரில், வேறு யாரோ ஒருவரின் முகவரியில் இயங்குகிறது. அந்த எண்ணை நீங்கள் மருத்துவமனையில் கொடுப்பீர்கள், வங்கியில் கொடுப்பீர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த முகம் தெரியாத உரிமையாளர் அதை மூடினாலோ, சிம் பூட்டிக்கொண்டு நீங்கள் உதவி கேட்டாலோ, நிறுவனம் உங்களை யாரென்றே அறியாது. அண்ணன் பெயரில் உள்ள இந்திய எண்ணால் வந்த சங்கடமே போதும். அண்ணனாவது சொந்த அண்ணன்!

அப்படியானால் இறங்கியதும் என்ன செய்வது? முதல் வாரத்துக்கு மட்டும் உங்கள் இந்திய எண்ணில் சிறிய ரோமிங் திட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்; இ-சிம் வசதி இருந்தால் பயணிகளுக்கான டேட்டா இ-சிம்மும் வாங்கலாம். ரயில் மாறி விடுதி போய்ச் சேரவும், வீட்டுக்குச் சொல்லவும் அது போதும். பிறகு ப்ரீபெய்டு. ஜெர்மனியில் சொந்தமாக நெட்வொர்க் வைத்திருப்பவை டெலிகாம், வோடஃபோன், ஓ2, 1&1 என்னும் நான்கு நிறுவனங்கள்தாம். ஆனால் மளிகைக் கடைகளில் சிம் விற்பார்கள்: ஆல்டி கடையில் கிடைக்கும் ஆல்டி டாக் ஓ2 நெட்வொர்க்கில் ஓடுகிறது, லிடில் கனெக்ட் வோடஃபோனில் ஓடுகிறது, பென்னி கடையில் கிடைப்பதும் டெலிகாமின் துணை நிறுவனமான காங்ஸ்டாரும் டெலிகாமில் ஓடுகின்றன. பால், ரொட்டி வாங்கும் இடத்தில் விற்கும் சிம் என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். பத்து யூரோ அளவில் நான்கு வாரத்துக்குத் தேவையான டேட்டா கிடைக்கும். நான்கு வாரம் என்பது மாதமல்ல, ஆண்டுக்குப் பதின்மூன்று முறை கட்ட வேண்டும் என்ற 28 நாள் கணக்கை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, பொதுவாக மலைப்பகுதியில் டெலிகாம் நெட்வொர்க்கைச் சார்ந்த சிம்மையே நான் சொல்வேன். இருந்தாலும் முதல் நாள் உங்கள் வார்டில் வேலை செய்பவர்களிடம், "விடுதி அறைக்குள் எது எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நாடு முழுவதற்குமான வரைபடத்தைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

அடையாளச் சரிபார்ப்பைக் காணொளி அழைப்பில் முடிக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதை முடிக்க முயன்று, கேமராவுக்கு முன் அதைச் சாய்த்தும் திருப்பியும் காட்டி, இருபது நிமிடம் கழித்து "மன்னிக்கவும்" என்ற பதிலோடு திரும்பியவர்கள் பலர். நேராக அஞ்சல் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்க்கும் போஸ்ட்இடென்ட் முறையையோ, கடையிலேயே சரிபார்த்துத் தரும் நிறுவனத்தையோ தேர்ந்தெடுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதியும் அன்மெல்டுங் எப்படியும் உங்கள் முதல் வேலையாக இருக்கும்; அந்தச் சான்றையும் கூடவே எடுத்துப் போங்கள். இணையத்தில் சிம் வரவழைப்பதானால், விடுதி வாசலில் உள்ள அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெர்மன் அஞ்சல்காரர் அறை எண்ணைத் தேடி மாடி ஏறி வரமாட்டார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் உறை அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

சிம் கையில் வந்ததும் அது பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். சிம்மைத் திறக்கும் ரகசிய எண்ணான 'பின்' (PIN) என்று ஒன்று இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஜெர்மன் சிம்மில் அது முதல் நாளிலிருந்தே இயக்கத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன், வந்த பத்தாம் நாள் மான்ஹைம் போகும் ரயிலில் சார்ஜ் தீர்ந்து கைபேசி அணைந்துவிட, பக்கத்து இருக்கைக்காரரிடம் கம்பி வாங்கிச் சார்ஜ் ஏற்றி இயக்கியபோது திரையில் நான்கு கட்டங்கள் வந்து நின்றன. 1234 போட்டான், 0000 போட்டான், தன் பிறந்த ஆண்டைப் போட்டான். மூன்று தவறுக்குப் பின் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் எட்டு இலக்கப் 'பக்' (PUK) எண்ணைக் கேட்டது. அது அச்சிட்டிருந்த அட்டை அவன் அறைக் குப்பைத் தொட்டியில் இருந்தது. பக் எண்ணைப் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அத்தோடு முடிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிடுங்கள். கைபேசியிலேயே வைத்திருந்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவி வைத்ததாகிவிடும்.

செவிலியரான உங்களுக்கு 112 என்ற அவசர எண்ணை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிம் இல்லாத கைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைப்பதை ஜெர்மனி 2009 ஜூலை முதல் நிறுத்திவிட்டது. வேறு சில நாடுகளைப் போல் சிம் இல்லாவிட்டாலும் அவசர அழைப்பு போகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒரு யூரோ ஐபோனைப் பற்றி உங்கள் தோழி சொல்வது பொய்யில்லை. முழுக் கணக்கைத்தான் அவர் சொல்லவில்லை. எடுத்துக்காட்டுக்காக நானே சில எண்களை வைத்துப் பார்க்கிறேன். மாதம் 45 யூரோ வீதம் 24 மாதத்துக்கு 1,080. இணைப்புக் கட்டணம் 40. கைபேசிக்கு அந்த ஒரு யூரோ. மொத்தம் 1,121. நீங்களே 500 யூரோவுக்கு நல்ல கைபேசி வாங்கி, நான்கு வாரத்துக்குப் பத்து யூரோ வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 26 முறை கட்டினால் 760. நடுவில் உள்ள 361 யூரோவை நீங்கள் தவணை வட்டியாகக் கட்டுகிறீர்கள், அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் "ஏழாம் மாதம் முதல்" என்று சிறிய எழுத்தில் தொடங்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்கு மலிவாகக் காட்டிவிட்டுப் பின்னால் ஏற்றுவது அங்கே பழைய வழக்கம்.

இதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் ஷ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே, கடைக்காரர் சொன்னதில் பாதி புரியாமல் தலையாட்டி, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்போதைய முறைப்படி, காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் விலகல் கடிதம் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னும் ஓராண்டுக்கு நீளும். என் கடிதம் 11 நாட்கள் தாமதமாகப் போனது. பயன்படுத்தாத சிம்முக்கு மேலும் பன்னிரண்டு மாதம் பணம் கட்டினேன். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இந்தக் கொடுமையை நீக்கிவிட்டது. முதல் காலம் 24 மாதத்தைத் தாண்டக் கூடாது, அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கத்தைக் கையில் தர வேண்டும். 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்களின் தளத்தில் விலகுவதற்கான பொத்தானும் இருந்தாக வேண்டும். ஆனால் முதல் 24 மாதம் அப்படியே இறுகித்தான் இருக்கிறது. வேலை ஒத்துவராமல் ஊர் திரும்பினாலும் அது தானாக முடிந்துவிடாது. இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள்: இணையத்தில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே பின்வாங்கலாம், கடைக்குள் போய் நீங்களே கையெழுத்துப் போட்டதில் அந்த உரிமை இல்லை. சிரித்த முகத்தோடு காபி தரும் கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒப்பந்தம் கேட்டாலும் உடனே தருவார்கள் என்பதற்கில்லை. ஷூஃபா என்ற தனியார் நிறுவனம் ஜெர்மனியில் வாழும் பெரும்பாலோரின் கடன் நாணயத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. புதிதாக வந்த உங்களைப் பற்றி அதனிடம் ஒன்றுமே இருக்காது. மறுப்பு வந்தால் மனம் நோக வேண்டாம், உங்களைக் குறைத்து மதிப்பிட்டதாக அதற்குப் பொருளில்லை. ஆனால் கட்ட வேண்டிய கைபேசிக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் அந்தப் பதிவு பின்னால் வீடு வாடகைக்குக் கேட்கும்போது எதிரில் வந்து நிற்கும். தவறான தொகையைப் பிடித்துவிட்டார்கள் என்று, வங்கியில் எட்டு வாரத்துக்குள் அதைத் திருப்பி எடுக்கும் வசதியை மட்டும் பயன்படுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பும் அனுப்புங்கள். கடிதத்தின் நடை பிடிபடவில்லையென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நுகர்வோர் மையமான ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலேவில் சிறு கட்டணத்துக்கு ஆலோசனை கிடைக்கும்.

ஆகவே குறைந்தது தகுதிகாண் காலம் முடியும்வரை ப்ரீபெய்டிலேயே இருங்கள். பிறகு ஒப்பந்தம் வேண்டுமென்று தோன்றினால் அதே எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். 2021 டிசம்பர் முதல் அதற்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பழைய நிறுவனத்திலும் புதிய நிறுவனத்திலும் பெயர், பிறந்த தேதி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பனார் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இடறும் இடம் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எது அச்சாகியிருக்கிறதோ அதையே முதல் சிம்மிலிருந்து எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

விடுமுறையில் பாரிஸோ ரோமோ போனால் ஜெர்மன் சிம் கூடுதல் கட்டணமின்றி ஓடும். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதுதான் விதி. சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. தோழிகளோடு கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரைக்கோ பாசல் எல்லைக்கோ போகும்போது, நீங்கள் ஜெர்மன் மண்ணில் நின்றாலும் கைபேசி அக்கரை சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் மட்டும் ஜெர்மன் சிம்மிலும் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ஏழு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் எந்தத் தேதியில் ஊருக்கு வருகிறார் என்று இன்று இரவே கேட்டுவிடுங்கள். அவர் வரவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், புதிதாக உங்கள் பெயரில் ஓர் எண் எடுத்து வங்கியையும் ஆதாரையும் அதற்கு மாற்றுவதற்கும் இந்த ஏழு வாரம் போதும்.